தேரைக்காரர் பெராஷோன்

பதுங்குகுழிச் சந்து திரும்புகிற இடத்துக்கு வந்ததும் பெராஷோன் இரும்புத் தொப்பியைக் கழற்றி, பக்கத்தில் நிற்பவன் யாராக இருந்தாலும் அவன் கையில் கொடுத்துவிடுவார். பிறகு முதுகை மண்சுவரில் ஒட்டவைத்து, இரண்டு கைகளையும் நீட்டி விரித்து, கண்ணை மூடிக்கொண்டு ஒரு அரைவட்டம் சுற்றுவார். விரல்நுனி எதிர்ச்சுவரில் இடித்தால் முகம் வாடிவிடும். இடிக்காவிட்டால், "வரலாம்" என்பார். வரவேண்டியது பின்னால் ஆறு பேர் தோளில் தொங்கவிட்டுக்கொண்டு நிற்கிற பீரங்கிக் குழாய்.

"வாங்கம்மா, வாங்க. இடது தோளைக் கொஞ்சம் உள்ள இழுத்துக்குங்க. அப்படித்தான். சுவரைத் தொடாம வரணும். ஆகா, என்ன நடை, என்ன நடை!"

இந்தப் பேச்சு குழாயிடம். தூக்குகிறவர்களிடம் பேசும்போது குரலே வேறு. "டேய் ரூஸ்ஸே, நீ மனுசனா மாடா? மூச்சை விடுறா, கனத்தை விடாதே!"

ஜெர்மன்காரனோடு போர் மூள்வதற்கு முன்னால் பெராஷோனுக்கு லியோன் நகரத்தில் வீட்டுச் சாமான் ஏற்றி இறக்குகிற தொழில். குன்றுமேல் இருக்கிற நெசவாளர் வீடுகளுக்குத் தறிகளையும், வசதியானவர்கள் வீடுகளுக்குப் பியானோக்களையும் குறுகலான சுழற்படிகளில் ஏற்றியே இருபது வருடத்தைக் கழித்தவர். ராணுவத்தில் சேர்க்கிற அதிகாரி என்ன தொழில் என்று கேட்டிருக்கிறார். "கனம் தூக்கறதுங்க" என்று இவர் சொல்லியிருக்கிறார். உடனே தேரையிடம் அனுப்பிவிட்டார்கள்.

தேரை என்பது மோர்ட்டார் பீரங்கிக்கு நாங்கள் வைத்த பெயர். குட்டையாக, வாய் அகன்று, பின்புறத்தை மண்ணில் அழுத்திக் குழிக்குள் உட்கார்ந்துகொண்டு வானத்தைப் பார்க்கும். அது துப்புகிற குண்டு ஒரு வளர்ந்த ஆளின் கனம் இருக்கும். வாலில் மீனுக்கு இருப்பதுபோல நான்கு தகட்டுச் சிறகுகள். நீளமான கயிற்றைத் தூரத்திலிருந்து இழுத்தால், குண்டு அவசரமே இல்லாமல் மேலே ஏறி, உச்சியில் ஏதோ மறந்ததுபோல ஒரு கணம் நின்று, பிறகு குப்புறக் கவிழ்ந்து இறங்கும். இறங்கிய இடத்தில் வீடு இருந்தால் வீடு இருக்காது, மரம் இருந்தால் மரம் இருக்காது. இத்தனை கனமான சாமானை எந்த வண்டியும் முன்வரிசைவரை கொண்டுவர முடியாது. குழாயைத் தனியாக, அடிக்கட்டையைத் தனியாக, மரமேடையைப் பலகை பலகையாகக் கழற்றி மனிதர்கள்தான் சுமக்க வேண்டும். அதனால் இந்த ஆர்கோன் காட்டுப் போர்முனையில் பெராஷோன் தன் தொழிலை விட்டதாகவே நினைக்கவில்லை. "படி இல்ல, அவ்வளவுதான் வித்தியாசம்" என்பார். "அங்க மாடியில இருந்து நாய் குரைக்கும். இங்க துப்பாக்கி குரைக்குது."

உயரமில்லை, ஆனால் அகலம் உண்டு. மீசையின் வலதுபாதி எப்போதோ தீய்ந்துபோய் இடதுபாதியைவிடக் குட்டையாக நிற்கிறது. இடதுபாதியையும் வெட்டிச் சமமாக்கச் சொன்னால், "இருக்கறதையாவது விடுங்கய்யா" என்கிறார். ஒரு காது கேட்காது. நாம் பேசும்போது நல்ல காதை நம் பக்கம் திருப்பிக்கொண்டு, கண்ணால் வேறெங்கோ பார்ப்பார். புதிதாகப் பழகுகிறவர்கள் அவர் அலட்சியம் செய்கிறார் என்று கோபித்துக்கொள்வார்கள். ஊரிலிருந்து அவர் கொண்டுவந்த சொத்து ஒன்றே ஒன்று: தோளில் குறுக்காகப் போடுகிற அகலமான தோல்வார். வியர்வை ஏறி ஏறிக் கறுத்துப்போனது. சாப்பிடும்போதும் கழற்றுவதில்லை.

நாங்கள் குடியிருக்கிற நிலவறைகளுக்குக் கதவு கிடையாது. சாக்குத்துணி தொங்கும். பெராஷோன் அந்தச் சாக்கைத் தள்ளிக்கொண்டு நுழைந்ததே இல்லை. மேலே இருக்கிற உத்திரத்தை இரண்டு தட்டுத் தட்டி, "வீட்ல யாருங்க?" என்று கேட்டு, பூட்ஸைத் தேய்த்துத் துடைத்துவிட்டுத்தான் வருவார். உள்ளே கணுக்கால்வரை சேறு இருந்தாலும் துடைப்பார். குழாய் உரசிச் சந்துச்சுவரின் பலகை ஒன்று பெயர்ந்துவிட்டால், போகிற வழியில் நின்று ஆணியடித்துவிட்டுப் போவார். மனைவி கிளோதினைப் பற்றிப் பேச்சு வந்தால் சிரித்துக்கொண்டே சொல்வார்: "அவ கேப்பா, அலமாரிகிட்ட இவ்வளவு மரியாதையாப் பேசறியே, என்கிட்ட ஒருநாளாவது பேசியிருக்கியான்னு. அலமாரி எதிர்த்துப் பேசாதுடீன்னு சொல்லுவேன்."

நான் எங்கள் காலாட்படைக் கம்பெனியின் சமையல்காரன். என் சூப்பை அவர் மதிப்பதில்லை. "வெங்காயத்தை நீங்க பயமுறுத்தறீங்க அண்ணே, வதக்கறதில்ல. அது பழுப்பாகணும். அழணும். அப்புறம் சிரிக்கணும்." விறகு எங்கே இருக்கிறது அழவைக்க? ஆனாலும் அவர் சொன்னபிறகு கொஞ்சம் கூடுதலாக வதக்குகிறேன் என்பதை அவரிடம் சொல்லவில்லை.

இன்னொரு விசித்திரம். தேரை துப்பினால் எல்லோரும் அண்ணாந்து பார்ப்பார்கள். பார்க்காமல் இருக்க முடியாது. குண்டு போவது கண்ணுக்குத் தெரியும். பெராஷோன் மட்டும் பார்க்கமாட்டார். கயிற்றை இழுத்ததும் முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டு, தன் ஆட்களின் கால்களைப் பார்ப்பார். ஏன் என்று ஒருநாள் கேட்டேன். நல்ல காதைத் திருப்பிக் கேட்டுவிட்டு, வாரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"எத்தனையோ வீட்ல சாமான் இறக்கியிருக்கேன் அண்ணே. இறக்கற வீட்டைப் பாக்கணும்னு ஆசையா இருக்கும். திரை எப்படிப் போட்டிருக்காங்க, அடுப்பு எங்க இருக்குன்னு. இந்த ஒரு வீட்டை மட்டும் எனக்குப் பாக்க வேணாம்."

தேரைக்காரர்கள் எங்களுக்கு வேண்டாதவர்கள் என்பதைச் சொல்லியாகவேண்டும். வருவார்கள், நாலைந்து குண்டு துப்புவார்கள், தேரையைத் தழைகளால் மூடிவிட்டுப் பின்னால் இருக்கிற கிராமத்துக்குப் போய்விடுவார்கள். அவர்களுக்கு உத்தரவு அப்படி. பழகின ஆட்கள் குறைவு, வீணாக்கக் கூடாது. எதிரே இருக்கிற ஜெர்மன்காரன் சும்மா இருப்பானா? புகை எழும்பின இடத்தைக் குறித்துக்கொண்டு, அதே மாதிரி கனமான குண்டுகளைத் திருப்பி அனுப்புவான். அப்போது அங்கே இருப்பது குடியிருக்கிற நாங்கள்தான். போன இலையுதிர்காலத்தில் வேறொரு தேரைக்கூட்டம் இப்படிச் சுட்டுவிட்டுப் போனபிறகு வந்த பதிலில், சார்ஜென்ட் கிய்யோமோவின் செக்‌ஷனில் இரண்டு பேர் நிலவறையோடு புதைந்துபோனார்கள். அதிலிருந்து, என் அடுப்படியை விட்டால், எங்கள் கம்பெனியில் தேரைக்காரனுக்குக் காபி கிடையாது, கை கொடுப்பது கிடையாது, முகம் கொடுப்பதும் கிடையாது.

இந்த மாதத் தொடக்கத்தில் உத்தரவு வந்தது. எதிரே முறிந்த ஓக் மரத்தடியில் சிமெண்டால் கட்டி ஒரு இயந்திரத் துப்பாக்கியை வைத்திருக்கிறார்கள். ஊற்றுக்குத் தண்ணீர் எடுக்கப் போகிற என் ஆட்களை அது நிம்மதியாகப் போகவிட்டதில்லை. வியாழக்கிழமை அதைத் தேரை உடைக்க வேண்டும். தேரைக்கு அந்தப் படையின் லெப்டினன்ட் காட்டிய குழி, கிய்யோமோவின் மூன்றாம் செக்‌ஷன் நிலவறைக்கு நேர் பின்னால்.

அன்று மத்தியானம் கிய்யோமோ என் அடுப்பருகே உட்கார்ந்து ரொட்டியை அறுத்துக்கொண்டிருந்தார். மேலே உத்திரத்தில் இரண்டு தட்டு.

"வீட்ல யாருங்க?"

"கதவே இல்லாத வீட்ல என்னய்யா தட்டல்?" என்றார் கிய்யோமோ. பெராஷோன் உள்ளே வந்ததும் கத்தியை நிறுத்தினார். "ஓ, தேரைக்காரரா! போன தடவை உங்க ஆளுங்க தட்டாமத்தான் வந்தாங்க, சொல்லாமத்தான் போனாங்க. எங்க பசங்க ரெண்டு பேரு மட்டும் இங்கயே தங்கிட்டாங்க. மண்ணுக்கு அடியில."

"தெரியும் சார்ஜென்ட். ஒரு உதவி கேட்டு வந்தேன்."

"கேளு கேளு. இல்லைன்னு சொல்ல நாக்கு ஊறுது."

பெராஷோன் தொப்பியைக் கையில் வைத்துச் சுற்றினார். "எங்களுக்குக் காட்டின குழி உங்க முதுகுப் பக்கம் இருக்கு. நல்ல குழி, குறை சொல்லல. ஆனா அங்கேர்ந்து சுட்டா பதில் உங்க தலைக்கு வரும். இடது கோடியில அந்தப் பழைய கல்குவாரி இருக்குல்ல, அங்க வச்சா பதிலும் அங்கதான் போகும். எலியைத் தவிர அங்க குடித்தனம் இல்ல."

"அங்க வையேன். யாரு வேணாங்கறா?"

"அங்க போற கழுதைச் சந்து முழுக்கச் சுமக்கணும். மூணு திருப்பம். தேரையையும் சுமந்து, குண்டையும் சுமக்க என்கிட்ட ஆள் பத்தாது. உங்க செக்‌ஷன் கை குடுத்தா ஆகும்."

கிய்யோமோ என்னைப் பார்த்துச் சிரித்தார். அது சிரிப்பில்லை. "கேட்டீங்களா அண்ணே? நம்ம தலையில விழற கல்லை நாமே சுமந்துட்டுப் போய்க் குடுக்கணுமாம்."

"விழாம இருக்கத்தான் கேக்கறேன், சார்ஜென்ட்."

"சரி, ஒண்ணு கேக்கறேன், பதில் சொல்லு. சுட்டு முடிச்சதும் நீ எங்க இருப்பே?"

பெராஷோன் நல்ல காதை அவர் பக்கம் திருப்பினார்.

"நான் சொல்லவா? கிராமத்துல. அந்த விதவை கடையில, கையில ஒயினோட. இங்க எங்க மேல விழற சத்தம் அங்க கேக்குமா உனக்கு? அட, மறந்துட்டேன். உனக்கு ஒரு காதுதானே!"

பானையில் கரண்டி நின்றுவிட்டது. நான் நிறுத்தவில்லை, தானாக நின்றுவிட்டது. பெராஷோன் மெதுவாக, யாரிடமோ வாடகை பேசுவதுபோலச் சொன்னார்: "எங்க தொழில்ல ஒரு வழக்கம் உண்டு சார்ஜென்ட். அலமாரியைக் கொண்டுபோய் வச்சா உடனே படி இறங்கமாட்டோம். வீட்டம்மா வந்து கதவைத் திறந்து பாக்கணும், மூடிப் பாக்கணும், ஆடுதான்னு அசைச்சுப் பாக்கணும். சரின்னு அவங்க வாயால சொன்னாத்தான் வண்டிக்குப் போவோம். இங்க வந்ததுலேர்ந்து அந்த வழக்கம் போயிடுச்சு." வாரைத் தொட்டுக்கொண்டார். "வியாழக்கிழமை நானும் இருக்கேன்."

"எங்க?"

"நீங்க எங்க சொல்றீங்களோ அங்க."

"என் நிலவறையில. பதில் அடங்கற வரைக்கும்."

"ஆகட்டும்."

கிய்யோமோ ரொட்டியை மறுபடி அறுக்க ஆரம்பித்தார். "பாப்போம்" என்றார். அந்த மனிதரிடமிருந்து அது பெரிய சொல்.

லெப்டினன்ட் வரைபடத்தைப் பார்த்தார். கல்குவாரியிலிருந்தும் குண்டு எட்டும். அளவு பிடிக்க ஒன்றிரண்டு வீணாகும். தூக்க ஆள் இருந்தால் அவருக்கு ஆட்சேபம் இல்லை. பெராஷோன் ஒருவர் மட்டும் தங்கிக்கொள்ளலாம் என்று அனுமதியும் கொடுத்தார்.

காலைப் பனிமூட்டம் விலகாத இரண்டு நாட்களில் சுமந்தார்கள். அங்கேதான் எங்கள் ஆட்கள் ஒரு காரியம் செய்தார்கள். கம்பெனியில் பெரும்பாலும் பர்கண்டிக்காரர்கள், திராட்சைத் தோட்டத்துக்காரர்கள். கனமான எதை இறக்கினாலும் பீப்பாயைப் போல செங்குத்தாக நிறுத்தித்தான் பழக்கம். ஒவ்வொரு திருப்பத்திலும் இளைப்பாறக் குண்டை இறக்கினார்கள். இறக்கி, வால்மேல் நிறுத்தினார்கள். கல்குவாரிக்கு வந்து சேர்ந்தபோது பல குண்டுகளின் சிறகுகள் நாயின் காதுபோல மடங்கியிருந்தன.

பெராஷோன் தலையில் கைவைத்தார். "மாதாவே! யாரு இதை நட்டுவச்சது?"

"ஏன், படுத்தாத்தான் அதுக்குத் தூக்கம் வருமோ?" என்றான் ஒருவன்.

"வால் கோணலா இருந்தா அது நேராப் போகாதுடா. நடுவானத்துல மல்லாந்து, எங்க கிளம்பிச்சோ அங்கயே வந்து விழும். நம்ம வீட்டு விலாசம் அதுக்கு நல்லாத் தெரியும்."

அதன்பிறகு யாரும் ஜோக் அடிக்கவில்லை. என் ரொட்டிப் பலகையைக் கேட்டு வாங்கி, சிறகுக்கு அடியில் அதைக் கொடுத்து, மரச்சுத்தியலால் ஒவ்வொன்றாகத் தட்டி நிமிர்த்தினார். தட்டிவிட்டு ஒற்றைக் கண்ணை மூடிப் பார்ப்பார், தலையாட்டுவார், மறுபடி தட்டுவார். ஒன்று மட்டும் நிமிரவில்லை. அதைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்றதும் கிய்யோமோவுக்கு ரத்தம் ஏறிவிட்டது.

"முதுகு ஒடியச் சுமந்துட்டு வந்தோம்! இப்ப வேணாங்கறியே, இது என்ன கல்யாணச் சீரா, பிடிக்கலைன்னா திருப்பி அனுப்ப?"

"நீங்க சுமக்க வேணாம்" என்றார் பெராஷோன். வாரைக் குண்டின் இடுப்பில் சுற்றி, நெற்றியைத் தாழ்த்தி, குனிந்து, முதுகில் ஏற்றிக்கொண்டு எழுந்தார். பிறகு கழுதைச் சந்துக்குள் தனியாக நடந்தார். எங்கள் ஆட்கள் சுவரோடு ஒட்டி வழிவிட்டார்கள். முதல் திருப்பத்துக்கு அப்பாலிருந்து அவர் குரல் கேட்டது: "அவசரமில்லம்மா. மெதுவா. நம்மகிட்ட நேரமிருக்கு."

வியாழக்கிழமை முற்பகலில் தேரை துப்பியது. முதல் குண்டு தாண்டிப் போனது, இரண்டாவது முன்னால் விழுந்தது. அதற்குப் பிறகு முறிந்த ஓக் மரம் வேரோடு எழுந்ததைப் பார்த்தோம். சிமெண்ட் கூரை அப்பத்தைப் பிட்டதுபோல இரண்டாகப் பிளந்து சாய்ந்ததையும் பார்த்தோம். எங்கள் ஆட்கள் கூச்சல் போட்டார்கள். பெராஷோன் வழக்கம்போலப் பார்க்கவில்லை. தேரையை மூடச் சொன்னார், ரூஸ்ஸேயையும் மற்றவர்களையும் கிராமத்துக்கு அனுப்பினார்.

நான் சூப்புப் பானையோடு மூன்றாம் செக்‌ஷன் நிலவறையில் இருந்தேன். கிண்ணங்களில் ஊற்றி முடித்திருந்தேன். உத்திரத்தில் தட்டல் கேட்டது. "வீட்ல யாருங்க?"

கிய்யோமோ கிண்ணத்திலிருந்து நிமிர்ந்தார். உண்மையிலேயே வருவார் என்று அவர் நம்பியிருக்கவில்லை. முகத்தில் அது தெரிந்தது. "வா" என்றார். உட்கார இடம் காட்டவில்லை. கீழ்க்கட்டிலில் வாஷ்ரோ என்கிற பையன் மூன்று நாள் காய்ச்சலில் தூங்காமல் முனகிக் கிடந்து அப்போதுதான் கண்ணயர்ந்திருந்தான். அவன் தலைமாட்டில் ஒரு ஆள் குந்த மட்டும் இடமிருந்தது. பெராஷோன் அங்கே குந்தினார்.

பதில் வந்தது. கல்குவாரிக்குத்தான் வந்தது. அதுவே பூமியைப் பிடித்து உலுக்கியது. மெழுகுவர்த்தி அணைந்தது, பற்றவைத்தோம், மறுபடி அணைந்தது. நாங்கள் பழகியவர்கள். எது தள்ளி விழும், எது கிட்டே விழும் என்று மூச்சைப் பிடிப்பதில் ஒரு கணக்கு எங்களுக்கு உண்டு. பெராஷோனுக்கு அது இல்லை. இத்தனை நாள் கொடுக்கிற பக்கத்திலேயே இருந்துவிட்ட மனிதர்; வாங்குகிற பக்கத்தில் இதுதான் முதல் தடவை. முகம் மாவாக வெளுத்துவிட்டது. ஒவ்வொரு குண்டு விழும்போதும், யாருடைய காலையோ மிதித்துவிட்டவர்போல, "மன்னிக்கணும்" என்றார். மறுபடி விழுந்தது. "மன்னிக்கணும்."

"யோவ், அது அவனோடதுய்யா, உன்னோடது இல்ல!" என்று கத்தினார் கிய்யோமோ.

"நான் அனுப்பினதுக்குத்தானே அனுப்பறான்."

"அதுக்கு? விழற ஒவ்வொண்ணுக்கும் நீ மன்னிப்புக் கேட்டா, பொழுது விடிஞ்சிடும்!"

மூலையிலிருந்து யாரோ சிரித்தார்கள். அந்த நேரத்தில் ஒன்று கல்குவாரியைத் தாண்டி எங்கள் பக்கம் விழுந்தது. நிலவறை முழுவதும் ஒருமுறை எழுந்து உட்கார்ந்தது. மறுபடி வெளிச்சம் ஏற்றியபோது உத்திரங்கள் நின்றன, எல்லோரும் இருந்தோம். ஆனால் மேலே இரண்டு உத்திரங்களுக்கு நடுவே விரிசல் விட்டு, அதிலிருந்து மண் மெல்லிய நூலாக இறங்கிக்கொண்டிருந்தது. நேராக வாஷ்ரோவின் முகத்துக்கு. பையனை நகர்த்த இடமில்லை, எழுப்ப மனமில்லை. எங்களுக்கு இதெல்லாம் யோசிக்கத் தோன்றுவதற்கு முன்பே அந்த மண் நின்றுவிட்டது. பெராஷோன் கையை நீட்டிக் குழித்துப் பிடித்திருந்தார்.

கை நிறைந்ததும் மற்றக் கையை அடியில் கொடுத்து, நிறைந்ததைத் தன் மடியில் கொட்டினார். மறுபடி நிறைந்தது, மறுபடி கொட்டினார். வெளியே விழுந்துகொண்டிருந்தது. அந்தக் கை மட்டும் விலகவில்லை. மன்னிப்புக் கேட்பதை எப்போது நிறுத்தினார் என்று யாருக்கும் தெரியாது.

எதிர்ப்பக்கம் ஓய்ந்தது. எங்கள் ஆட்கள் ஒவ்வொருவராகச் சாக்கை விலக்கிக்கொண்டு வெளியே போனார்கள். கழுதைச் சந்தின் கடைக்கோடி தூர்ந்துபோயிருக்கிறது, ஆட்கள் யாருக்கும் ஒன்றுமில்லை என்று குரல் வந்தது. பெராஷோன் எழுந்திருக்கவில்லை. கை அப்படியே இருந்தது.

கிய்யோமோ தன் தகரக் கிண்ணத்தில் மிச்சமிருந்த சூப்பை ஒரே மடக்காகக் குடித்து, சட்டைக்கையால் உட்புறத்தைத் துடைத்து, அதைக் கொண்டுவந்து பெராஷோனின் கைக்கு அடியில், பையனின் தலையணையோரமாகப் பொருத்தி வைத்தார்.

"எடுத்துக்க கையை. போதும்" என்றார். "சரியா இருக்கு."

பெராஷோன் கையை மெல்ல இழுத்தார். மண் தகரத்தில் விழுந்து சலசலத்தது. பையன் புருவத்தைச் சுளித்தான். பெராஷோன் உடனே மறுபடி கையை நீட்டி மண்ணைத் தடுத்தார். மற்றக் கையால் கழுத்தில் கட்டியிருந்த கம்பளித்துணியை அவிழ்த்து, நாலாக மடித்து, கிண்ணத்துக்குள்ளே அடியில் சுருக்கமில்லாமல் விரித்தார்.